கட்டவும் வேண்டும், அவிழவும் வேண்டும்: மரபணுவைச் செல்லுக்குள் சேர்க்கும் புரத நானோ துகள்கள்

செல்லுக்குள் ஒரு மரபணுவைச் சேர்க்கிறோம் என்றால், ஆய்வகத்தில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்மிட்டைச் சேர்க்கிறோம் என்றே பொருள். பிளாஸ்மிட் என்பது வளையமாக மூடிய டிஎன்ஏ. 5,000 கார இணைகள் கொண்ட நடுத்தர அளவுப் பிளாஸ்மிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுதாக விரித்தால் அதன் சுற்றளவு 1.7 மைக்ரோமீட்டர் வரும். இரண்டு இழைகளிலும் சேர்த்து 10,000 பாஸ்பேட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மின்சுமை. அது நுழைய வேண்டிய செல்லின் வெளிப்பரப்பும் சர்க்கரைச் சங்கிலிகளால் எதிர்மின்சுமை பூண்டிருக்கிறது. அதற்கடியில் இருக்கும் சவ்வு கொழுப்பாலானது, சுமார் 5 நானோமீட்டர் தடிமன், மின்சுமையுள்ள எதையும் எளிதில் விடாது. இதோடு, இரத்தத்திலும் திசு நீர்மங்களிலும் டிஎன்ஏவை நறுக்கும் நொதிகள் எப்போதும் உலவுகின்றன. எனவே வெறும் டிஎன்ஏவை வளர்ப்புத் தட்டில் ஊற்றினால் ஏறக்குறைய எதுவும் நடக்காது.

ஆகவே டிஎன்ஏவைச் சுருட்டி, அதன் மின்சுமையை மறைத்து, நொதிகள் தொடாதபடி மூட வேண்டும். பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே போன பிறகு அதே கட்டு அவிழவும் வேண்டும். வழியெல்லாம் பிரியாமல் வந்த கட்டுச்சோறு, போய்ச் சேர்ந்த இடத்திலும் பிரியவில்லை என்றால் பசி தீராது. இந்தத் துறையில் தோற்றுப்போன முயற்சிகளைப் பார்த்தால், கட்டத் தெரியாமல் தோற்றவை குறைவு. அவிழ்க்கத் தெரியாமல் தோற்றவையே அதிகம்.

இயற்கை இதை எப்படிச் செய்கிறது

டிஎன்ஏவைப் புரதத்தால் கட்டுவது நம் கண்டுபிடிப்பு அல்ல. நம் ஒவ்வொரு செல்லிலும் ஹிஸ்டோன் புரதங்கள் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. விந்தணுவுக்குள் இடம் இன்னும் நெருக்கடி என்பதால், அங்கே ஹிஸ்டோனை விலக்கிவிட்டு புரோட்டமின் என்ற சிறு புரதம் உட்காருகிறது. சால்மன் மீனின் புரோட்டமினில் 32 அமினோ அமிலங்கள். அவற்றில் 21 அர்ஜினைன். ஒவ்வோர் அர்ஜினைனும் ஒரு நேர்மின்சுமை. 1869இல் டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்த ஃபிரெட்ரிக் மீஷரே, 1874இல் ரைன் ஆற்றுச் சால்மனின் விந்தணுவிலிருந்து புரோட்டமினையும் பிரித்தெடுத்தார். பொருளையும் அதைக் கட்டும் கயிற்றையும் ஒரே மனிதர் கண்டிருக்கிறார்.

புரோட்டமினை இதய அறுவை மருத்துவர்களும் நன்கு அறிவார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க அதைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். ஹெப்பாரின் எதிர்மின்சுமை மிகுந்த சர்க்கரைச் சங்கிலி. புரோட்டமின் அதைப் பற்றிக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறொரு வேலைக்கு உதவும்.

இன்னொரு முன்மாதிரி வைரஸ். அடினோ-தொடர்பு வைரஸின் உறை 60 புரதங்கள் சேர்ந்து தாமே அமைக்கும் 25 நானோமீட்டர் பெட்டி. அதனுள் மரபணுவை வைத்துத்தான் பரம்பரைப் பார்வையிழப்புக்கான லக்ஸ்டர்னா 2017இலும், முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கான ஜோல்ஜென்ஸ்மா 2019இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் அந்தப் பெட்டியில் சுமார் 4,700 காரங்கள்தான் அடங்கும். டூஷென் தசைநலிவு நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோபின் மரபணுவின் புரதக் குறியீடு மட்டுமே ஏறத்தாழ 11,000. மேலும், ஒருமுறை போட்டால் உடல் அந்த உறைக்கு எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். இரண்டாம் முறை போடுவது கடினம். கையால் செய்யும் புரதத் துகள்களைத் தேடுவதற்கு இந்த இரண்டு தடைகளே முக்கியக் காரணம். மருந்தாக இன்று வென்று நிற்பவை வைரஸ் உறைகளும் கொழுப்பு நானோ துகள்களும்தான், புரதத் துகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் புரதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சங்கிலியின் எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் நிற்க வேண்டும் என்பதை நாமே எழுதலாம். வேலை முடிந்ததும் செல் அதைச் செரித்து மீண்டும் அமினோ அமிலமாக்கிக்கொள்ளும்.

எவ்வளவு புரதம்? ஒரு சிறு கணக்கு

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கேட்பது என்/பி விகிதம். புரதத்தின் நேர்மின்சுமைகளை டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகளால் வகுத்தால் வருவது இது. டிஎன்ஏவில் ஒரு பாஸ்பேட்டுக்குச் சராசரி எடை 330 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஆகவே 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் 3 நானோமோல் பாஸ்பேட். இந்த 3 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம். எல்லாக் கணக்கும் இதிலிருந்தே கிளம்பும்.

சால்மன் புரோட்டமினின் எடை சுமார் 4,250 டால்டன், மின்சுமை 21. மூன்று நானோமோலை 21ஆல் வகுத்தால் 0.143 நானோமோல், அதை 4,250ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.61 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவைச் சரிக்குச் சரி கட்ட இது போதும். விகிதம் 5 வேண்டுமென்றால் 3 மைக்ரோகிராம். அர்ஜினைனின் பக்கக்கிளையில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் இருந்தாலும் மின்சுமை ஒன்றுதான், எனவே ஒன்றாகவே எண்ண வேண்டும். புதிதாக வருபவர்கள் மூன்றாக எண்ணிவிட்டு, தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டுவிட்டுத் திகைப்பதுண்டு.

இன்னொரு பிழை தராசில் நடக்கிறது. விலைக்கு வாங்கும் செயற்கைப் பெப்டைடு (குட்டைப் புரதச் சங்கிலி) பெரும்பாலும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமில உப்பாக வரும். ஒவ்வொரு நேர்மின்சுமையோடும் 114 டால்டன் எடையுள்ள ஓர் அமில மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏழு அர்ஜினைன் கொண்ட 30 அமினோ அமிலப் பெப்டைடு என்றால், நீங்கள் நிறுக்கும் பொடியில் ஐந்தில் ஒரு பங்கு பெப்டைடே அல்ல. கணக்கு சரி, நிறுத்ததும் சரி, விகிதம் மட்டும் தப்பு. அந்த அமிலம் சில செல்களுக்கு ஆகாது என்பதால், அசிட்டேட் அல்லது குளோரைடு உப்பாக மாற்றித் தரும்படி வாங்கும்போதே கேட்பது நல்லது.

கலப்பது

டிஎன்ஏவையும் பெப்டைடையும் தனித்தனியாக, ஒரே கன அளவில் நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். டிஎன்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 100 மைக்ரோகிராமுக்குள் இருக்கட்டும். கரைசலாக 5 சதவீதக் குளுக்கோஸ் சிறந்தது. ஒன்றை மற்றொன்றில் ஒரே மூச்சில் சேர்த்து, பைப்பெட்டால் பத்துப் பதினைந்து முறை வேகமாக ஏற்றி இறக்கி, அறை வெப்பத்தில் 15 முதல் 30 நிமிடம் விட்டுவிட வேண்டும். 100 நானோமீட்டர் வாக்கில் அளவுள்ள துகள்கள் தாமே உருவாகிவிடும்.

சொட்டுச் சொட்டாக ஏன் விடக்கூடாது? டிஎன்ஏவில் பெப்டைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், கலவை எதிர்மின்சுமையிலிருந்து கிளம்பி, மின்சுமையே இல்லாத ஒரு நிலையைக் கடந்துதான் நேர்மின்சுமைக்குப் போகும். அந்த நடுநிலையில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. அதனால் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு பெப்டைடு சேர்த்தாலும் பிரியமாட்டா. உப்பும் இதே வேலையைச் செய்யும். உடலின் அளவான 150 மில்லிமோலார் உப்பில் கலந்தால், மின்சுமைகளை உப்பு அயனிகள் மறைத்துவிட, அரை மணி நேரத்தில் துகள்கள் மைக்ரோமீட்டர் அளவுக்கு வீங்கிவிடலாம். குளுக்கோஸ் கரைசலைச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்த வீக்கத்தில் ஓர் ஏமாற்றும் இருக்கிறது. பெரிய திரள்கள் எடையால் கீழே இறங்கி, தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் செல்கள்மேல் படியும். அதனால் தட்டில் பலன் அமோகமாகத் தெரியும். அதையே எலியின் இரத்தத்தில் ஏற்றினால், சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள நுரையீரல் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே தட்டில் கிடைத்த நல்ல முடிவை நம்பும் முன் துகளின் அளவை அளந்து பார்ப்பது கட்டாயம்.

கட்டியாயிற்றா என்று அறிய அகரோஸ் ஜெல் போதும். ஒரு சதவீத ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால் வெறும் டிஎன்ஏ நேர்முனை நோக்கி ஓடும். முழுதாகக் கட்டப்பட்டது குழியைவிட்டு நகராது. விகிதத்தைக் கால், அரை, ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போனால், ஓட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சில சமயம் குழியிலும் ஒளி தெரியாது. டிஎன்ஏ காணாமல் போகவில்லை. இறுகிப்போனதால் டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயம் உள்ளே நுழைய முடியவில்லை. இப்போது ஹெப்பாரினை எடுங்கள். அறுவை அரங்கில் புரோட்டமின் பிடித்துக்கொண்ட அதே ஹெப்பாரின், இங்கே பெப்டைடைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு டிஎன்ஏவை விடுவிக்கும். ஜெல்லில் மீண்டும் பட்டை ஓடினால், டிஎன்ஏ அறுபடாமல் இருக்கிறது என்பதும், எவ்வளவு ஹெப்பாரினுக்குக் கட்டு அவிழ்கிறது என்பதும் ஒருங்கே தெரியும். சிறிதளவு ஹெப்பாரினிலேயே அவிழ்ந்துவிட்டால் கட்டு தளர்வு: செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பாரின் போன்ற சர்க்கரைகளே வாசலில் அதைப் பிரித்துப் போட்டுவிடும். எவ்வளவு ஊற்றினாலும் அவிழவில்லை என்றால் செல்லுக்குள்ளும் அவிழப்போவதில்லை. புரோட்டமினால் எம்ஆர்என்ஏவைக் கட்டியபோது கண்டதும் இதுதான். இறுக்கிக் கட்டிய எம்ஆர்என்ஏ நோயெதிர்ப்புச் செல்களை நன்றாகத் தட்டி எழுப்பியது, ஆனால் அதிலிருந்து புரதம் குறைவாகவே உருவானது. அதனால் தடுப்பூசி ஆய்வுகளில் கட்டியதையும் கட்டாததையும் கலந்து கொடுக்கும் வழி பிறந்தது.

ஜெலட்டின்: வேறு வகையான பொதி

மின்சுமையால் கட்டுவது ஒரு வழி. வலைக்குள் சிறைப்பிடிப்பது இன்னொன்று. அதற்கு மலிவான, பழகிய பொருள் ஜெலட்டின். அமிலத்தில் பதப்படுத்தியது ஏ வகை; அதன் சமமின்புள்ளி (மொத்த மின்சுமை சுழியமாகும் பிஎச்) 7 முதல் 9. காரத்தில் பதப்படுத்தியது பி வகை. சமமின்புள்ளி 5க்கு அருகில். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கிடைத்த புட்டியை எடுத்தால் முறை வேலை செய்யாது.

பரவலாகக் கையாளப்படும் இரு படி முறை இது. 1.25 கிராம் ஏ வகை ஜெலட்டினை 25 மில்லிலிட்டர் நீரில் 40 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கரைக்க வேண்டும். 25 மில்லிலிட்டர் அசிட்டோன் சேர்த்ததும் நீண்ட சங்கிலிகள் முதலில் வீழ்படியும். மேலே நிற்கும் நீர்மத்தைக் கொட்டிவிட வேண்டும். துகள்களின் அளவைத் தாறுமாறாக்கும் குட்டைச் சங்கிலிகள் அதோடு போய்விடும். படிந்ததை மீண்டும் 25 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சை 2.5க்கு இறக்குங்கள். சங்கிலிகள் எல்லாம் நேர்மின்சுமை ஏறி ஒன்றையொன்று தள்ளும் நிலை இது. பிறகு கலக்கிக்கொண்டே அசிட்டோனை இம்முறை சொட்டுச் சொட்டாக விட, பால் போன்ற கலங்கல் வந்து நிலைக்கும். 25 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் 175 மைக்ரோலிட்டர் விட்டு, 12 மணி நேரம் கலக்கினால், லைசின்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு விழுந்து துகள் நிலைபெறும். பிணைப்பு ஏற ஏற வெளிர்மஞ்சள் தட்டும். கடைசியில் அசிட்டோன் கலந்த நீரில் பலமுறை சுழற்றிக் கழுவ வேண்டும்.

இங்கே சறுக்கும் இடங்கள் தெளிவானவை. கரைசல் 30 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் ஜெல்லாக உறைந்து கட்டி தட்டும். குளூட்டரால்டிஹைடு மிஞ்சினால் செல் சாகும். கிளைசின் சேர்த்து எஞ்சியதை முடக்கலாம். பிணைப்பு அதிகமானால் வலை அவிழாது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது: பிஎச் 2.5இல் டிஎன்ஏவை வைக்கவே கூடாது, அடினைனும் குவானினும் சரத்திலிருந்து உதிரத் தொடங்கும். ஆகவே இம்முறையில் வெறும் துகளைச் செய்து கழுவி முடித்து, அதன் மேற்பரப்பில் நிரந்தர நேர்மின்சுமை தரும் ஒரு மூலக்கூறைப் பிணைத்த பிறகே, நடுநிலைக் கரைசலில் டிஎன்ஏவை ஒட்டவைப்பார்கள். டிஎன்ஏவை உள்ளேயே பொதிய வேண்டுமென்றால் பி வகை ஜெலட்டினை பிஎச் 7இல் எடுத்து, அசிட்டோனுக்குப் பதில் எத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். அங்கே ஜெலட்டினும் டிஎன்ஏவும் இரண்டும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று பற்றுவதில்லை, வலைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது அவ்வளவுதான். ஜெலட்டினை அறுக்கும் நொதிகள் பல புற்றுக் கட்டிகளைச் சுற்றி மிகுதியாக இருப்பதால், கட்டு அங்கே அவிழும் என்பது இதன் கவர்ச்சி.

உள்ளே நுழைந்த பின்

துகளைச் செல் விழுங்கும்போது அது செல்லுக்குள் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எண்டோசோம் என்ற சிறு பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பையின் பிஎச் 6.5இலிருந்து 5 வரை இறங்கி, கடைசியில் லைசோசோமோடு சேரும். அங்கே செரிமானம்தான். இந்தப் பையிலிருந்து தப்புவதே பயணத்தின் மிகக் கடினமான கட்டம். மிக நன்றாகச் செம்மைப்படுத்தப்பட்ட கொழுப்புத் துகள்களில்கூட, உள்ளே போன குறுக்கீட்டு ஆர்என்ஏவில் (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) 1 முதல் 2 சதவீதம் மட்டுமே தப்புவதாக 2013இல் அளந்திருக்கிறார்கள்.

இங்கேதான் அமினோ அமிலங்களைத் தேர்ந்து எழுதும் சுதந்திரம் கைகொடுக்கிறது. ஹிஸ்டிடினின் பக்கக்கிளை பிஎச் 6 வாக்கில் மின்சுமை ஏற்கும். இரத்தத்தின் 7.4இல் நூறில் நான்கு ஹிஸ்டிடின்களே மின்சுமையோடு இருக்கும். பிஎச் 5இல் தொண்ணூறுக்கு மேல். புரோட்டான்களை இப்படி உறிஞ்சிக்கொண்டே போனால், பைக்குள் அயனிகளும் நீரும் பெருகி அது கிழியலாம். இன்னொரு வழி, உருமாறும் பெப்டைடு. காலா என்ற 30 அமினோ அமிலப் பெப்டைடில் குளூட்டமிக் அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. நடுநிலையில் அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி தளர்ந்து கிடக்கும். அமிலத்தில் மின்சுமை இழந்ததும் சுருள் கம்பியாக முறுக்கிக்கொண்டு சவ்வைத் துளைக்கும். அதிலே டிஎன்ஏவைப் பிடிக்க இடமில்லை என்பதால், குளூட்டமிக் அமிலங்களுக்குப் பதில் அர்ஜினைன்களை வைத்து ராலா என்ற பெப்டைடை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தார்கள். முன்பு தராசுக் கணக்கில் சொன்ன, ஏழு அர்ஜினைன் கொண்ட பெப்டைடு இதுதான். கட்டுவதும் துளைப்பதும் ஒரே சங்கிலி.

உங்கள் துகள் எண்டோசோமில்தான் சிக்குகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. 100 மைக்ரோமோலார் குளோரோகுயினோடு நான்கு மணி நேரம் செல்களை வைத்துப் பாருங்கள். அந்த மருந்து எண்டோசோமைப் பாதிக்கும். பலன் பல மடங்கு கூடினால் சிக்கல் அங்கேதான். கூடவில்லை என்றால், துகள் செல்லுக்குள்ளேயே போகவில்லை, அல்லது கட்டு அவிழவில்லை.

அவிழ்ப்பதற்குச் சிஸ்டீனை நம்பலாம். இரண்டு சிஸ்டீன்களுக்கிடையே விழும் கந்தகப் பிணைப்பு வெளியே உறுதியாக நிற்கும். செல்லுக்குள் குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு 1 முதல் 10 மில்லிமோலார் வரை, அதாவது வெளியில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருப்பதால், அங்கே உடைந்துவிடும். நீண்ட சங்கிலி இறுக்கமாகக் கட்டும். குட்டைச் சங்கிலி எளிதில் விடும். குட்டைச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்பால் கோத்தால், வெளியே நீளம், உள்ளே குட்டை. இந்தத் துறையில் இதைவிட நேர்த்தியான தீர்வு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பிளாஸ்மிட்டுக்கு இன்னும் ஒரு சுவர் மிச்சம்: உட்கரு. அதன் துளைகள் 40 கிலோடால்டனுக்கு மேற்பட்ட எதையும் எளிதில் விடுவதில்லை. செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைவதால், ஒரு நாளைக்கு ஒருமுறை பிரியும் ஹெக் 293 என்ற ஆய்வகச் செல்களில் டிஎன்ஏ தானாக உள்ளே போய்விடும். அங்கே கிடைத்த வெற்றியை, பிரியாத நரம்புச் செல்லிலும் தசைச் செல்லிலும் எதிர்பார்க்கக் கூடாது. எம்ஆர்என்ஏ உட்கருவுக்கு வெளியே படிக்கப்படுவதால் அதற்கு இந்தச் சுவரே இல்லை.

சோதனையில் 24 குழித் தட்டில், குழிக்கு அரை மைக்ரோகிராம் டிஎன்ஏ, செல்கள் 70 முதல் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது, சீரம் இல்லாத ஊடகத்தில் நான்கு மணி நேரம். பிறகு ஊடகத்தை மாற்றி 24 முதல் 48 மணி நேரம் கழித்து ஒளிரும் புரதத்தை அளப்பது வழக்கம். சீரத்தோடும் ஒருமுறை செய்துவிடுங்கள். சீரத்திலுள்ள ஆல்புமின் நேர்மின்சுமைத் துகள்களைப் போர்த்திவிடும். அங்கே பலன் சுழியமானால் உடலிலும் அதுவே நடக்க வாய்ப்பு அதிகம். டிஎன்ஏ இல்லாத வெறும் துகளையும் ஒரு குழியில் வையுங்கள். அதிலும் செல் செத்தால் குற்றவாளி புரதம். ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்த்த புரதமானால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஒட்டி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருக்கும்வரை, நோயெதிர்ப்புச் செல்களில் நீங்கள் காணும் கிளர்ச்சி துகளால் வந்ததா, அழுக்கால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

மின்சுமையை விட்டு விலகும் ஒரு பாதை 2021இல் திறந்தது. மரபணுத் திருத்த ஆய்வாளர் ஃபெங் ஜாங்கின் ஆய்வகம், நம் மரபணுத் தொகுதியிலேயே இருக்கும் பெக்10 என்ற புரதத்தை எடுத்துக்கொண்டது. எப்போதோ வைரஸ் போன்ற ஒன்றிலிருந்து வந்து தங்கி, நஞ்சுக்கொடி உருவாவதற்கு இன்றியமையாததாகிவிட்ட புரதம் அது. அது தானே உறையாகக் கூடி, தன் சொந்த எம்ஆர்என்ஏவை உள்ளே வைத்துக்கொள்கிறது. பொறுக்கியெடுக்கும் அடையாளம் அந்த எம்ஆர்என்ஏவின் இரு முனைகளிலும் இருக்கிறது. அந்த முனைகளை வேறொரு எம்ஆர்என்ஏவில் ஒட்டியபோது அதையும் பெக்10 ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த உறை மட்டும் போதவில்லை. இன்னொரு செல்லோடு சவ்வை இணைக்கும் புரதம் ஒன்றை மேலே பதித்த பிறகே சரக்கு உள்ளே இறங்கியது.